படிப்பதற்கு ஓர் இடம்

கல்வி பற்றிப் பேசும்போது நாம் ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறோம். புத்தகம், பரீட்சை, ரியூசன் காசு பற்றிப் பேசுகிறோம். ஆனால் "எங்கே இருந்து படிக்கிறாய்?" என்று ஒரு பெண்ணை எவரும் கேட்பதில்லை. போரினால் வீடும் வளவும் இழந்து, கொட்டிலிலும் தறப்பாளின் கீழும் பல வருடங்களைக் கழித்த எங்களுக்கு இது சின்னக் கேள்வி அல்ல. ஒரு மேசையும் கதிரையும் விளக்கும் ஒரு மணித்தியால அமைதியும் கிடைக்காததால் படிப்பைக் கைவிட்ட பெண்கள் எம்மிடையே எத்தனையோ பேர்.

எங்கள் கிராமத்துச் சனசமூக நிலையத்தில் கிழமைக்கு மூன்று பின்னேரம் பெண்களுக்கான வகுப்பொன்றை நடத்தி வருகிறேன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் விட்ட பாடங்களை எடுக்க விரும்புபவர்கள், கடிதமும் படிவமும் தாங்களே நிரப்பப் பழக விரும்புபவர்கள், கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பவர்கள் எனப் பலர் வருகிறார்கள். இருபது வயதுப் பிள்ளையும் உண்டு, ஐம்பதைத் தாண்டிய அம்மாவும் உண்டு. அவர்களிடமிருந்தும் என் சொந்தப் படிப்பிலிருந்தும் நான் கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் தலைமுறை படித்த இடங்கள்

நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் மின்சாரம் இல்லை. 1990 இல் நின்ற மின்சாரம் பல வருடங்களுக்கு வரவில்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் பொன்னைப் போல ஆகிவிட்டது. அப்போதுதான் வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாய்க்குள் திரியைச் செருகிக் கம்பியில் பிடிக்க வைத்தால் ஓர் இரவு படிக்கலாம். ஒரு விளக்கைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருப்போம். வெளிச்சம் ஒரு கொப்பியின் அகலம்தான். அதனால் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்போம்.

ஷெல் விழும் நாட்களில் பதுங்குகுழி வாசலில் இருந்து படித்தவர்கள் பலர். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இடப்பெயர்வின் பின்னர் கோயில் மண்டபங்களும் மரநிழலும் வகுப்பறைகளாயின. வன்னியிலும் அப்படித்தான். 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்குள் பகலில் இருக்க முடியாத வெக்கை. பிள்ளைகள் தண்ணீர்த் தாங்கியின் நிழலைத் தேடிப் போய்ப் படித்தார்கள். அந்த வருடம் உயர்தரப் பரீட்சை முகாமில் இருந்த மாணவர்களுக்கும் நடத்தப்பட்டது. சில மாதங்களுக்கு முன்னர் உயிர் தப்பி வந்த பிள்ளைகள் அங்கே பேனை பிடித்தார்கள். 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்படும் வரை அதுவே பலருக்குப் பள்ளிக்கூடம்.

இவற்றைச் சொல்வது பெருமைக்காக அல்ல. கஷ்டத்தில் படிப்பது நல்லது என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்தக் கஷ்டத்தால் படிப்பை விட்டவர்களே கூடுதல். ஆனால் படிப்பதற்கான இடம் என்பது நாமே தேடி உருவாக்கக் கூடிய ஒன்று என்பதை எங்கள் தலைமுறை செய்து காட்டியிருக்கிறது.

எனக்குப் பிடித்த இடங்கள்

எனக்குப் பிடித்த முதலாவது இடம் குசினி. விடிய நாலு மணிக்கு எழுந்து அடுப்பை மூட்டி, தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் பலகைக் கட்டையில் இருந்து படிப்பேன். அந்த நேரத்தில் எவரும் என்னை எதுவும் கேட்பதில்லை. இரண்டாவது இடம் கிணற்றடி வாழைகளுக்குப் பக்கத்தில் கிடக்கும் கல். பாடமாக்க வேண்டியவற்றை அங்கேதான் நடந்து நடந்து சொல்லிப் பார்ப்பேன். மூன்றாவது இடம் வாசிகசாலை. எழுதுவதற்கு அதுவே நல்லது. மேசை இருக்கிறது, பக்கத்தில் இன்னொருவரும் படித்துக்கொண்டு இருக்கிறார்.

வகுப்பில் மற்றவர்கள் சொன்ன இடங்களும் சுவையானவை. இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கும் ஒரு சகோதரி, தட்டு வேகும் நேரத்தில் படிக்கிறார். குசினிச் சுவரில் கரிக்கட்டியால் சூத்திரங்களை எழுதி வைத்திருக்கிறார். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைக்குப் பஸ் ஆசனம்தான் படிக்கும் இடம். போகும்போது ஒரு பக்கம் வாசித்து, வரும்போது அதையே மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறார். மாடு மேய்க்கும் அம்மா குளக்கட்டைச் சொன்னார். கணவரைத் தேடி அலையும் ஒரு சகோதரி, கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி ஆரம்பமான காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டக் கொட்டகையைச் சொன்னார். "அங்கை இருந்துதான் நான் கடிதம் வாசிக்கவும் மனு எழுதவும் படிச்சனான்" என்றார். முன்பு ஒவ்வொரு கடிதத்தையும் யாரிடமாவது கொண்டுபோய் வாசிப்பித்தவர் அவர். இப்போது மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்.

ஒரே இடம்தான் வேண்டுமா?

"ஒரே இடத்தில் இருந்து படி, அப்போதுதான் மனதில் பதியும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதில் பாதி உண்மை உண்டு. தினமும் ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்தால் பழக்கம் இலகுவில் வரும். அந்த இடத்தில் போய் இருந்தவுடன் கை தானாகக் கொப்பியை எடுக்கும். புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு இது உதவும்.

மற்றப் பாதியும் உண்டு. 1978 இல் அமெரிக்காவில் ஸ்மித், கிளென்பேர்க், பியோர்க் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். 40 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை மாணவர்கள் இரண்டு தடவை படித்தார்கள். சிலர் இரண்டு தடவையும் ஒரே அறையில், சிலர் இரு வேறு அறைகளில். பின்னர் புதிய அறையொன்றில் கேட்டபோது, ஒரே அறையில் படித்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய 16 சொற்களையும், இரண்டு அறைகளில் படித்தவர்கள் ஏறக்குறைய 24 சொற்களையும் நினைவில் வைத்திருந்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு வேறுபாட்டைக் காட்டவில்லை. ஆயினும் இடம் மாறினால் படிப்புக் கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை என்பது தெளிவு.

எம்மைப் போன்றவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. தனி அறை இல்லையே என்று கவலைப்படும் சகோதரி, அடுப்படியில் பாதியும் பஸ்ஸில் பாதியுமாகப் படிக்கலாம். பரீட்சை மண்டபமும் புதிய இடம்தான். பல இடங்களில் படித்தவளுக்கு அது அவ்வளவு அந்நியமாக இராது.

எப்படிப் படித்தால் மனதில் நிற்கும்?

"நான் பார்த்துப் படிக்கிற ஆள்", "எனக்குக் காதால் கேட்டால்தான் ஏறும்" என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். விருப்பம் ஆளுக்கு ஆள் வேறுபடும்தான். எனக்கு உரத்துப் படிப்பது பிடிக்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிக் கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பக் கற்பித்தால்தான் விளங்கும் என்ற கருத்துக்குப் போதிய சான்று இல்லை என்று 2008 இல் நான்கு உளவியலாளர்கள் அதுவரையான ஆய்வுகளைப் பரிசீலித்து எழுதினார்கள். ஆகவே "எனக்கு எழுத்தால் ஏறாது" என்று எவரும் தன்னைத் தானே ஒதுக்கி வைக்க வேண்டாம். எல்லோருக்கும் பலன் தரும் வழிகள் சில இருக்கின்றன.

முதலாவது, புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது. 2006 இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களை இரு விதமாகப் படிக்க வைத்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்து, பிறகு பாராமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரத்தின் பின் கேட்டபோது நிலைமை மாறியது. திரும்ப வாசித்தவர்கள் 40 வீதத்தையும், எழுதிப் பார்த்தவர்கள் 61 வீதத்தையும் நினைவில் வைத்திருந்தார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போல இருக்கும். மூடிவிட்டுச் சொல்லும்போதுதான் எது தெரியாது என்று தெரியும்.

இரண்டாவது, இடைவெளி விட்டுப் படிப்பது. படித்தவை எவ்வளவு வேகமாக மறக்கின்றன என்பதை ஜேர்மனியரான எபிங்ஹவுஸ் 1885 இலேயே அளந்து வெளியிட்டார். ஒரே நாளில் மூன்று மணித்தியாலம் இருப்பதிலும், மூன்று நாளில் ஒவ்வொரு மணித்தியாலம் இருப்பது நல்லது. இன்று படித்ததை நாளையும், பிறகு அடுத்த கிழமையும் தொட்டுப் பாருங்கள். வீட்டு வேலைக்கிடையில் படிக்கும் பெண்ணுக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அந்தத் துண்டுகள் குறையல்ல. முறையாகப் பயன்படுத்தினால் அவையே பலம்.

மூன்றாவது, வாய்விட்டுப் படிப்பது. மனதுக்குள் வாசித்த சொற்களை விட வாய்விட்டு வாசித்த சொற்கள் கூடுதலாக நினைவில் நிற்கின்றன என்பதைக் கனடாவில் மக்லியோட் என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் 2010 இல் காட்டினார்கள். ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து நாங்கள் வேறு வழியின்றிச் செய்தது அதுதான்.

நான்காவது, இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பது. எங்கள் வகுப்பில் ஒருவர் காரணிப்படுத்தலை விளங்கிக்கொண்டால் அடுத்த நாள் அவர்தான் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். சொல்லிக் கொடுக்கும் போதுதான் தையலின் உட்பக்கம் தெரியும். நூல் எங்கே விட்டிருக்கிறது என்று அப்போது பிடிபடும்.

சொந்த வாழ்க்கையே பாடப்புத்தகம்

வளர்ந்த பெண்கள் படிக்கும்போது பாடத்தை வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்பது மிகவும் முக்கியம். வட்டிக் கணக்கு என்றால் வகுப்பில் எல்லோருக்கும் கொட்டாவி வரும். ஒரு நாள் ஒரு சகோதரி தனது நுண்கடன் அட்டையைக் கொண்டு வந்தார். 50,000 ரூபா கடன். வருடத்துக்கு 24 வீதம் வட்டி. கிழமைக் கட்டுப்பணம், 52 கிழமை. அன்று முழுவதும் அதையே கணக்காகச் செய்தோம்.

வட்டி 12,000 ரூபா. முதலோடு சேர்த்து 62,000 ரூபா. அதை 52 ஆல் பிரித்தால் கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. இதுவரை சரி. ஆனால் ஒவ்வொரு கிழமையும் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். அரை வருடத்தில் எங்கள் கையில் இருக்கும் அவர்களுடைய முதல் ஏறக்குறைய பாதிதான். வட்டியோ முழு 50,000 ரூபாவுக்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 40 வீதத்தையும் தாண்டுகிறது. வகுப்பே அமைதியாகிவிட்டது. "அப்ப இவ்வளவு நாளும் எனக்கு ஒருத்தரும் இதைச் சொல்லேல்லையே" என்று அந்தச் சகோதரி கேட்டார். அடுத்த கடன் எடுக்கும் முன் "வட்டி முழு முதலுக்கா, மீதிக்கா?" என்று கேட்க இப்போது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து வட்டிக் கணக்கில் எவரும் கொட்டாவி விடவில்லை.

மனம் நிற்காதபோது

"புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடுது, ஒரு வசனத்தைப் பத்துத் தரம் வாசிச்சாலும் விளங்கேல்லை" என்று பலர் சொல்கிறார்கள். தமக்கு மூளை மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது மூளை மழுங்கியதால் வருவதல்ல. பெரும் இழப்பையும் பயத்தையும் அனுபவித்தவர்களுக்கு நித்திரை குழம்புவதும், நினைவு தடுமாறுவதும், கவனம் சிதறுவதும் பொதுவாக ஏற்படுபவை. எமது மக்களிடையே போரின் உளப் பாதிப்புகளைப் பற்றி மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இலேயே நூல் எழுதியிருக்கிறார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்படியான நாட்களில் நாங்கள் செய்வது இதுதான். சுவரில் முதுகு சாய்ந்திருக்கும்படி, வாசலைப் பார்த்தபடி இருக்கிறோம். பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் சிலருக்கு நெஞ்சு பதறும். சில நிமிடம் மூச்சை மெதுவாக இழுத்து, அதை விட மெதுவாக விடுகிறோம். பிறகு பத்து நிமிடம் மட்டும் படிக்கிறோம். பத்து நிமிடத்துக்கு மேல் முடியாவிட்டால் அன்று அவ்வளவுதான். கையால் பார்த்து எழுதுவதும் சிலருக்கு மனதை நிலைநிறுத்த உதவுகிறது. நித்திரை இல்லாமை, பயம், அழுகை என்பன பல கிழமைகளாகத் தொடர்ந்தால் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சிகிச்சை இலவசம்.

இடத்தை மறிப்பவை

பெண்ணுக்குப் படிக்க இடம் இல்லாமல் போவதற்குக் கட்டடம் மட்டும் காரணமல்ல. துணையின்றிக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண் பின்னேரம் வெளிக்கிட்டால் அயலில் கதை வரும். வகுப்பு முடிந்து வரும் ஒழுங்கையில் விளக்கு இராது. பிள்ளையைப் பார்க்க ஆள் இராது. "இந்த வயதில் என்ன படிப்பு?" என்ற சிரிப்பும் உண்டு.

இவற்றுக்கு நாங்கள் கண்ட மருந்து, சேர்ந்து போவதுதான். ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள் சேர்ந்து வந்து சேர்ந்து போகிறோம். வகுப்பு நேரத்தை இருட்டும் முன் முடியும்படி மாற்றினோம். வாசிகசாலையில் ஒரு மூலையில் பாய் விரித்துச் சின்னப் பிள்ளைகளை இருத்துகிறோம். முறைக்கு ஒருவர் அவர்களைப் பார்த்துக்கொள்வார். மாதர் சங்கத்தில் பேசி ஒரு மின்குமிழும் நாலு கதிரையும் பெற்றோம். ஊர்க்கதை முற்றாக நிற்கவில்லை. ஆனால் ஆறு பேரைப் பற்றி ஒரே நேரத்தில் கதைப்பது கதைப்பவர்களுக்கும் கஷ்டம்.

வீட்டில் படிக்கும் பெண்பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. ஆண்பிள்ளைக்கு மேசையும், பெண்பிள்ளைக்கு விளக்குமாறும் என்ற வழக்கம் இன்னும் எம்மிடம் இருக்கிறது. 2020 இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தபோது, ஒரு தொலைபேசியைப் பங்கு போட்ட வீடுகளில் அது யாருக்கு முதலில் கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, இருந்த ஒரு விளக்கு எந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்தது? மகளுக்கும் ஒரு மூலை, ஒரு நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் அவளைக் கடைக்கும் கிணற்றடிக்கும் அனுப்பாதீர்கள்.

எந்த வழியில் தொடரலாம்?

சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடசாலை ஊடாக மட்டுமல்ல, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம். விண்ணப்ப அறிவித்தல் பத்திரிகைகளிலும் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் வரும். பாடசாலைப் புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகமும் போதும்.

தையல், சமையல், சிகை அலங்காரம் போன்றவற்றைச் செய்து பழகியவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் மதிப்பீட்டுக்குத் தோற்றித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். வகுப்பறையில் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. கை பழகியிருந்தால் போதும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். வலயக் கல்வி அலுவலகங்களின் முறைசாராக் கல்விப் பிரிவும் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. மேலே படிக்க விரும்புவோருக்கு 1980 முதல் இயங்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதன் நிலையங்கள் உண்டு.

வாசிக்கப் புத்தகம் இல்லை என்பவர்களுக்கு 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் எமது எழுத்தாளர்களின் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் இலவசமாகத் தருகிறது. 1981 இல் யாழ். பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அந்தச் சாம்பலைக் கண்ட சமூகம் எழுத்தைக் காப்பாற்றும் வேலையை இன்னும் விடவில்லை.

சகோதரிகளே, படிப்பு எங்களிடமிருந்து எத்தனையோ தடவை பறிக்கப்பட்டது. வீடு போனபோது புத்தகமும் போனது. ஆனால் ஒரு தடவை கற்றுக்கொண்டதை எந்த இடப்பெயர்விலும் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. இந்தக் கிழமை உங்கள் வீட்டில் ஒரு மூலையைத் தெரிவு செய்யுங்கள். அது அடுப்படியாக இருக்கலாம், வேப்பமரத்தடியாக இருக்கலாம். ஒரு கொப்பியும் பேனையும் அங்கே வையுங்கள். தினமும் பத்து நிமிடம் போய் இருங்கள். "இது என்ர படிக்கிற இடம், இந்த நேரம் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.